காப்பியில் சர்க்கரை இல்லை, மாப்ளே

என் மாப்பிள்ளை குமரேசனுக்கு, பட்டறைச் சத்தத்தை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு இதைக் கேள்.

ஜெயித்துவிட்டோம்.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வர வேண்டும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தங்கமணி என்கிற அம்மாவின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. கொஞ்ச நாள் முன்பு வரை அந்த மஜ்ஜை முழுக்க ரத்தப் புற்றுநோய்ச் செல்கள்தான் இருந்தன. இப்போது தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூட அகப்படவில்லை. அவருடைய ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, நம் கோயம்புத்தூரிலேயே பழக்கி, அவருக்கே திருப்பிச் செலுத்தினோம். அவை வேலையை முடித்துவிட்டன.

தனியாக இருக்கும்போது உன்னை வாடா போடா என்பேன். நாலு பேர் முன்னால் வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை. என் தங்கை கவிதாவைக் கட்டிய பிறகு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. நீயும் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அதை நன்றாகவே அனுபவித்தாய். இதை ஊரே படிக்கப் போகிறது. ஆனாலும் நீ என்றுதான் எழுதுவேன். கவிதா கோபித்துக்கொண்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று வந்த ரிப்போர்ட்டை முதலில் பார்த்தவன் நான்தான். அப்போதே இந்த ஆஸ்பத்திரியில் ரத்த நோய்ப் பிரிவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கணபதியில் இருக்கும் உன் பட்டறைக்கே வந்தேன். நீ ஒரு பம்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தபடி, “மோட்டாரே போச்சுங்களா மச்சா, இல்ல காயிலு மட்டும் கருகிருக்குதுங்களா?” என்று கேட்டாய். காயில்தான், அந்தக் கம்பிச் சுற்றை மாற்றிவிடலாம் என்றேன். அதற்கப்புறம் உனக்கு வைத்தியம் பார்த்த எல்லா டாக்டரிடமும் காயில் மாற்ற வந்திருக்கிறேன் என்றுதான் உன்னை அறிமுகம் செய்துகொண்டாய்.

கீமோவில் நோய் அடங்கியது. திரும்பி வராமல் இருக்க வேறொருவரின் மஜ்ஜை வேண்டும், அது உன்னுடையதோடு பொருந்த வேண்டும் என்ற கட்டத்தில்தான் நம் ஊர்க் கூத்து ஆரம்பித்தது. நினைவிருக்கிறதா?

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்தார் எல்லோரும் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். மாமன் மச்சான் என்பவர்கள் வேறு கூட்டம். ரத்தம் என்றால் பங்காளி, சம்பந்தம் என்றால் மச்சான். இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

அதனால் உனக்கு மஜ்ஜை வேண்டும் என்ற செய்தி போனதும் உன் பெரியப்பா நாச்சிமுத்து ஒரு வேனைப் பிடித்து, உன் கூட்டத்துப் பங்காளிகளை நிறைத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார். ஆளுக்கொரு இளநீர் வேறு. என்னையும் சோதித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது அவருக்கு மனசு வரவில்லை. “எங்க கூட்டத்து ரத்தம் இத்தன பேரு நிக்கறப்ப, மச்சாங்கிட்ட எதுக்குங்க கேக்கோணும்?” என்றார். அவ்வளவு பெருமையாகச் சொன்ன மனிதரிடம் மரபணுப் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. உன் பங்காளிகள் எல்லோரும் வாயைத் திறந்து கன்னத்தில் பஞ்சுக் குச்சியை விட்டுக்கொண்டார்கள். ஒருவரும் பொருந்தவில்லை.

பொருந்தாததில் ஆச்சரியம் இல்லை. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அங்கேதான் முதலில் தேடுவோம். நீ ஒற்றைப் பிள்ளை. தூரத்துப் பங்காளிகளுக்கும் உனக்கும் பொதுவாக இருந்தது ஒரு பழைய தாத்தாவும் ஒரு கோயிலும்தான். ஆனால் நம் இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. உன் அம்மா என் அத்தை, என் அம்மா உன் அத்தை. நமக்கு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் ஒன்றே. அப்படியிருந்தும் அமைவது அரிதுதான். அமைந்தது. கவிதாவுக்குப் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்தியது. என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து உனக்கு ஏற்றினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். மாதங்கள் போனதும் உன் ரத்த வகையே மாறி, என் வகை வந்துவிட்டது. நீ அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆள் இருக்கும்போது, உன் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க டாக்டரு, ஒரு சந்தேகமுங்க. ரத்தம் உங்குளுது ஆயிப்போச்சுன்னா பையன் இனி உங்க கூட்டமுங்களா? அப்ப நம்ம கவிதாளுக்கு இவன் அண்ணந்தம்பி முறையாயிராதுங்களா?”

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பாவம், எத்தனை நாள் தூக்கம் கெட்டாரோ. கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். நீ மட்டும் முகத்தை மாற்றாமல், எந்தக் கோயிலில் கறி நன்றாக ஆக்குகிறார்களோ அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறேன் என்றாய். ரத்தம் மட்டும்தான் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை, முறையும் மாறாது என்று நான் படித்த படிப்பையெல்லாம் கூட்டிச் சொல்லி அவரைத் தேற்றினேன். தலையை ஆட்டினார். ஆனால் அடுத்த முறை உங்கள் குலதெய்வம் கோயிலில் கிடாய் வெட்டி, பங்காளிகளுக்குக் கூறு பிரித்தபோது எனக்கும் ஒரு கூறு தனியாக எடுத்து வைத்திருந்தார். உங்கள் கோயிலில் ஒரு மச்சானுக்குக் கூறு வைத்தது அதுதான் முதல் தடவை என்றார்கள். நான் வாங்கிய பட்டங்களில் எதுவும் எனக்கு அவ்வளவு பெருமை தரவில்லை மாப்ளே.

பிறகு நோய் திரும்பி வந்தது. என் செல்கள் உன் உடம்பில் காவல் இருந்தும் அதை அடையாளம் காணாமல் விட்டுவிட்டன. அதை நீண்ட கதையாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, உனக்கும் கேட்க இஷ்டம் இருக்காது. ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் வெயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டாய். வெளிநாட்டில் புதிதாக ஒன்று செய்கிறார்கள் என்றேன். நோயாளியின் ரத்தத்திலிருக்கும் காவல் செல்களை வெளியே எடுத்து, புற்றுநோய்ச் செல்லைப் பிடிக்க ஒரு கொக்கியை மாட்டி, பெருக்கி, திரும்ப உள்ளே விடுவார்கள், நம் நாட்டுக்கு இன்னும் வரவில்லை என்றேன். நீ கீழே தெரிந்த ரோட்டைக் காட்டினாய்.

“பம்பு செய்யற ஊருங்க மச்சா இது. வெளிநாட்டுக்காரன் செஞ்சா நாமளும் செஞ்சுபோடலாமுங்க. எனக்கு ஆகாது, தெரியும். அடுத்தாளுக்கு ஆகட்டும்.”

உன்னைக் கடைசியாக அனுப்பிவிட்டு வந்த பிறகு நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை என்று சொன்னால் கவிதா சாட்சி சொல்வாள்.

எத்தனை பேர் சிரித்தார்கள் தெரியுமா? பெரிய பெரிய ஊர்களிலேயே திணறுகிறார்கள், கோயம்புத்தூரில் எதற்கு இந்த வேலை என்றார்கள். பிறகு நம் நாட்டிலேயே வேறு ஊர்களில் அது வந்தது. அப்போது, அதுதான் அங்கே கிடைக்கிறதே, போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றார்கள். இரண்டு பேச்சுக்கும் எனக்கு வந்த கோபம் ஒன்றுதான். தோட்டத்தையும் மாட்டையும் போட்டுவிட்டு, காய்ச்சலோடு ரயிலேறி, பாஷை தெரியாத ஊரில் மாதக் கணக்கில் எப்படித் தங்குவார்கள்? பாதிப் பேர் கிளம்பவே மாட்டார்கள். கிளம்பாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூசியே இல்லாத ஓர் அறை வேண்டியிருந்தது. கட்டினோம். அந்த அறைக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் மோட்டார் உன் பட்டறையில் தயாரானது. ஆமாம், பட்டறையைக் கவிதாதான் நடத்துகிறாள். உன்னைவிட நன்றாக நடத்துகிறாள் என்று ஆட்கள் சொல்கிறார்கள். சொன்ன தேதிக்கு வேலையை முடித்துக் கொடுக்கிறாளாம். கோபித்துக்கொள்ளாதே, நீ ஒரு நாளும் சொன்ன தேதிக்குக் கொடுத்ததில்லை.

அந்த அறைக்குள் ராஜ்யம் ரஷீதாவுடையது. கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், செல்களை வளர்ப்பதில் கெட்டிக்காரி. நான் பெரிய டாக்டர் என்றெல்லாம் பார்க்க மாட்டாள், முகமூடி சரியாக இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஆரம்பத்தில் வளர்த்த செல்கள் எல்லாம் செத்தன. ஏன் என்று தெரியாமலே செத்தன. ஒவ்வொரு தடவையும் அவள் பேசாமல் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். ஒரு நாள் சாகவில்லை. பெருகின. கொக்கியும் சரியாக மாட்டியிருந்தது.

அனுமதி கொடுத்தவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆளுக்குச் செய்து பாருங்கள், அதில் பிசகினால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் மறுபடி உட்கார்ந்து பேசினால் என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த முதல் ஆள்தான் தங்கமணி.

வாழை, வெண்டை, தக்காளி போடுகிற விவசாயி. பட்டயக் கணக்காளர் மாதிரிப் பேச்சு, ஒரு வார்த்தை வீண் கிடையாது. கீமோ கொடுத்தும் நோய் திரும்பிவிட்டது. ஒரே தம்பியின் மஜ்ஜை பொருந்தவில்லை. நான் படம் போட்டு விளக்கினேன்: என்ன செய்வோம், எப்படிக் காய்ச்சல் வரும், மூளை குழம்பலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். வீட்டுக்காரர் செல்வராசு முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உள்ள போடறது எம்பட செல்லுங்களா, வேற யாருதாச்சுங்களா?”

உங்களுடையதுதானுங்க என்றேன்.

“அப்ப எம்பட பேச்சக் கேக்குமுங்க. போடுங்க.”

அவர் ரத்தத்திலிருந்து எடுத்து, ரஷீதா வளர்த்துத் தந்த செல்கள் ஒரு சின்னப் பையில் வந்தன. உள்ளே போக ஒரு காப்பி குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று செல்வராசுவே கேட்டுவிட்டார்.

இந்தச் சிகிச்சையில் ஒரு வழக்கம் உண்டு. செல்கள் சண்டை போடும்போது சில பேருக்கு மூளை குழம்பும். முதல் அறிகுறி கையெழுத்தில் தெரியும். அதனால் தினமும் காலையில் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொல்வோம். பெரும்பாலும் தன் பெயரையோ சாமி பெயரையோ எழுதுவார்கள் என்று நர்சுகள் எதிர்பார்த்தார்கள். தங்கமணி முதல் நாளே, இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று எழுதினார். அடுத்த நாள், ஃபேன் சத்தம் போடுகிறது. அதற்கடுத்த நாள், டாக்டர் சட்டையை இஸ்திரி போடுவதில்லை. அது உண்மை. தினமும் ஒரு புகார். வார்டே காலையில் அந்தத் தாளுக்குக் காத்திருந்தது.

பிறகு காய்ச்சல் ஏறியது. எதிர்பார்த்ததுதான், ஆனால் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. ரத்த அழுத்தம் விழுந்தது. வாழைக் கன்றுகளுக்குள் யானை வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு, “சாமி, போ சாமி, கன்ன முறிக்காத போ” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைய தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. மறுநாள் காலையில் பேனாவைக் கையில் வைத்தோம். ஒரு கோடு இழுத்தார். பேனா கீழே விழுந்தது. புகார் இல்லை.

அந்தக் காலையில் நான் பயந்ததுபோல் உன் ரிப்போர்ட்டைப் பார்த்தபோதுகூடப் பயந்ததில்லை. செல்களின் சண்டை உடம்பில் கிளப்பிய இந்தப் புயலை அடக்க மருந்து இருக்கிறது. ஆனால் அதை அள்ளிக் கொடுத்தால் நாம் அனுப்பிய செல்களும் சேர்ந்து அடங்கிவிடுமோ, நோய் பிழைத்துக்கொள்ளுமோ என்கிற கவலை ரஷீதாவுக்கு. கொடுக்காவிட்டால் செல்கள் ஜெயிக்கும், ஆள் இருக்க மாட்டார். வராந்தாவில் செல்வராசு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் ஒரு நாள் கவிதா அப்படி நின்றாள். மருந்தைக் கொடுக்கச் சொன்னேன். ஆராய்ச்சி தோற்றாலும் பரவாயில்லை, இவர் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று ரஷீதாவிடம் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட மறுக்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. ஒரு நாள் தூங்கினார், மறுநாளும் அநேகமாகத் தூங்கினார். அதற்கடுத்த காலை, நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வராந்தாவில் ஓடி வந்தது கேட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஓடக் கூடாது. கையில் தாள். கோணல் மாணலாக, ஆனால் தெளிவாக எழுதியிருந்தது: காப்பியில் சர்க்கரை இல்லை.

மாப்ளே, நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். ரஷீதா வந்து படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ தடவை செல்கள் செத்தபோது அழாத பெண். அந்த அம்மாவுக்கு ஒரு தம்ளர் நல்ல காப்பி போனது.

ஆனால் புகார் வந்ததே தவிர, நோய் போனதா என்று தெரியாது. அது மஜ்ஜையைப் பார்த்தால்தான் தெரியும். அந்த மருந்துக்குப் பிறகு நம் செல்கள் மிஞ்சினவா, சண்டையை முடித்தனவா? அந்தக் காத்திருப்பில் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று வீட்டில் குற்றச்சாட்டு. நேற்றுதான் முடிவு வந்தது. செல்கள் அடங்கவில்லை. தம் வேலையைச் செய்துவிட்டு இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நானே போய்ச் சொன்னேன். செல்வராசு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காரமடைக் கோயில் தேருக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். தங்கமணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்போ தோட்டத்துக்குப் போகலாமா என்றார். இன்னும் கொஞ்ச நாள் மண்ணில் கை வைக்கக் கூடாது, பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், முழுக்கக் குணம் என்று நான் சொல்லக் காலம் ஆகும் என்றேன். அது சரி, இதை யானையிடம் யார் சொல்வது என்று கேட்டார். இன்று காலை தன் காலால் நடந்து போய் வேனில் ஏறினார். அனுமதி கொடுத்தவர்கள் மேலே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று. வேன் வாசலைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு கோபம் வந்தது. அந்த அம்மா பிழைத்ததற்கு இல்லை. நீ ஏன் இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கவில்லை? நான் ஏன் இதை உனக்குச் செய்ய முடியவில்லை? இதற்குப் பதில் கிடையாது என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சந்தோஷம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதற்குள் இது கிடந்தால் கிடக்கட்டும்.

கவிதாவுக்குப் போன் செய்தேன். பட்டறையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். யாரிடமோ நிறுத்தச் சொன்னாள், சத்தம் நின்றது. பிறகு கேட்டாள்.

“அவருகிட்டச் சொல்லிப்போட்டீங்களாங்ணா?”

அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். இருபது வயதுப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய செல்கள் இன்றுதான் ரஷீதாவின் அறைக்குப் போயின. அவளுக்குப் பின்னால் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். எல்லோரும் தங்கமணி ஆகிவிட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். சிலரிடம் நான் தோற்பேன். தோற்றாலும் அறையைப் பூட்ட மாட்டேன். நான் இல்லாவிட்டாலும் நடக்கிற அளவுக்கு இந்த வேலையைப் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கையைக் கழுவுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

செத்தவர்களுக்கு எழுதுகிறவர்கள், சீக்கிரம் உன்னிடம் வந்துவிடுவேன் என்று முடிப்பார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதே மாப்ளே. எனக்கு இங்கே வேலை கிடக்கிறது.

உன் கவிதாவுக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்,
சக்திவேல்